கடைசி 3 நொடி, சுவர் பக்க த்ரோ-இன்: ரெஃப்ரி செய்தது சரியா?

காட்பாடி கார்டு

ஞாயிறு மாலை வேலூரில் நடந்த பாஸ்கெட்பால் அரையிறுதியைப் பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எந்தப் பள்ளி மைதானம், எந்த டோர்னமென்ட் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன், ரூல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாலாவது குவார்ட்டர். நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னால். இன்னும் 3 நொடி என்று டேபிளில் (நேரமும் ஸ்கோரும் குறிப்பவர்கள் உட்காரும் இடம்) சொன்னார்கள். எங்கள் ஃப்ரண்ட் கோர்ட்டில் (நாங்கள் போட வேண்டிய கூடை இருக்கும் பாதியில்), காம்பவுண்டு சுவர் ஓடும் பக்கத்து சைடுலைனில் எங்களுக்கு த்ரோ-இன், அதாவது கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிவது. கேப்டன் ரெஃப்ரியிடம் பந்தை வாங்கினான். குடியாத்தம் டீம் பையன் ஒருத்தன் மூஞ்சிக்கு நேராக வந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினான். கேப்டன் வலது பக்கம் இரண்டு எட்டு நகர்ந்து பாஸ் கொடுக்கப் பார்த்தான். விசில். வயலேஷன் (விதிமீறல்), பந்து அவர்களுக்கு.

அதே இடத்தில் அவர்கள் த்ரோ-இன். எல்லா ஆளையும் நாங்கள் மடக்கிவிட்டதால் எறிந்தவன் பதறிப்போய் மறுகோடிக்கு நீளமாக வீசினான். யார் கையும் படவில்லை. பந்து அந்தப் பக்க பேஸ்லைனை (கூடைக்குப் பின்னால் இருக்கும் கோடு) தாண்டி வேப்பமரத்தடியில் போய் விழுந்தது. அதற்குள் டேபிளில் டைம் முடிந்தது என்று கத்திவிட்டார்கள். அவர்கள் குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ரெஃப்ரி எல்லோரையும் நிறுத்தி, பந்தை வரவழைத்து, சுவர் பக்கத்து அதே இடத்தில் எங்களுக்கே கொடுத்தார். 3 நொடியும் அப்படியே பாக்கி இருக்கிறது என்றார். நாங்கள் சென்டர் ஆடும் பையனுக்குக் கொடுத்தோம், அவன் திரும்பிப் போட்டான், உள்ளே. ஒரு பாயிண்டில் ஜெயித்தோம்.

ஜெயித்ததால் மற்றதை விட்டுவிடலாம். ஆனால் அந்த முதல் விசில் மனதை உறுத்துகிறது. இரண்டு எட்டு நகர்ந்ததற்கா வயலேஷன்?

குடியாத்தம் பாஸ்

நான் எதிர்த்தரப்பு. உங்களுக்கு முதல் விசில் உறுத்துகிறது, எங்களுக்கு மீதி எல்லாமே உறுத்துகிறது. பந்து வெளியே போனது அந்தப் பக்க பேஸ்லைனில். த்ரோ-இன் அங்கேயிருந்துதானே கொடுக்க வேண்டும்? கொண்டுவந்து எங்கள் கூடைக்குப் பக்கத்தில் கொடுத்தால் யார்தான் போடமாட்டான்? அப்புறம், பந்து காற்றில் அவ்வளவு தூரம் போனதே, அந்த நேரம் எங்கே போச்சு? ஊர்க்காரர்களுக்கு ரெஃப்ரி கொடுத்த பரிசு என்றுதான் எங்கள் பசங்க பஸ் ஏறும்போது பேசிக்கொண்டார்கள்.

ராணிப்பேட்டை ரீபவுண்ட்

எனக்குத் தெரிந்து பிவட் காலை (பந்தைப் பிடித்தபின் ஊன்றியே இருக்க வேண்டிய கால்) தூக்கியதற்குத்தான் ஊதியிருப்பார். த்ரோ-இன் கொடுப்பவன் காலை அசைக்கவே கூடாது என்று எங்கள் பள்ளியில் சொல்லித்தருவார்கள்.

இன்னொன்று. இதே மேட்சில் மூணாவது குவார்ட்டரில் காட்பாடி பையன் த்ரோ-இன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு டைம் அவுட் சைகை காட்டினான். ரெஃப்ரி கண்டுகொள்ளாமல் எண்ணிக்கொண்டே இருந்து 5 நொடிக்குள் எறியவில்லை என்று வயலேஷன் கொடுத்தார். அமெரிக்க லீக்கான என்.பி.ஏ.வில் இப்படிக் கேட்டால் உடனே கொடுப்பார்கள். அதையும் விளக்குங்கள்.

விசில் சத்தம்

மாவட்ட அளவில் பல வருஷமாக ஊதுகிறவன். அந்த மேட்சுக்கு நான் இல்லை, அதனால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகப் பேசலாம்.

முதலில் பிவட் கதையை முடித்துவிடுவோம். த்ரோ-இன்னில் டிராவல் (பந்தோடு கூடுதல் எட்டு வைக்கும் தப்பு) என்பதே கிடையாது. காலைத் தூக்கலாம், குதிக்கலாம், எத்தனை அடி வேண்டுமானாலும் பின்னால் போகலாம். பக்கவாட்டில் மட்டும் கட்டுப்பாடு: ரெஃப்ரி காட்டிய இடத்திலிருந்து இடமும் வலமும் சேர்த்து மொத்தம் 1 மீட்டருக்கு மேல் நகரக்கூடாது. வளர்ந்த பையன் இரண்டு எட்டு எடுத்து வைத்தால் 1 மீட்டர் தாண்டிவிடும். எதிரணி கூடை போட்ட பிறகு பேஸ்லைனுக்குப் பின்னாலிருந்து கொடுக்கும்போதுதான் அந்தக் கோடு முழுக்க ஓட அனுமதி. பசங்க அதை நாள் முழுக்கச் செய்து பழகியிருப்பதால் சைடுலைனிலும் கால் தானாக நகர்ந்துவிடுகிறது. கேப்டன் நகர்ந்ததற்கு வயலேஷன் என்பதில் சந்தேகமில்லை.

கோட்டை மிதித்தால் வயலேஷன் என்று இன்னொரு நம்பிக்கையும் நம் பக்கம் உண்டு. எல்லைக்கோடு கோர்ட்டில் சேராது. பந்தோடு கோட்டை மிதிக்கலாம், கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தால்தான் தப்பு.

இப்போது குடியாத்தம் நண்பருக்கு. நீளமாக வீசிய பந்தை ஒருவரும் தொடவில்லை என்பதில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறீர்கள். அப்படியானால் த்ரோ-இன் கொடுத்தவனே பந்தை வெளியே அனுப்பிவிட்டான் என்று அர்த்தம், அது த்ரோ-இன் வயலேஷன். பந்து எங்கே போய் விழுந்தது என்ற பேச்சே வராது, முதலில் எங்கேயிருந்து எறிந்தார்களோ அங்கேதான் எதிரணிக்குக் கிடைக்கும். யாராவது ஒருத்தர் விரல் நுனி பட்டிருந்தால் நீங்கள் சொல்வது சரி, வெளியே போன இடத்தில் கொடுத்திருப்பார்கள்.

குடியாத்தம் பாஸ்

சரி சார், இடம் புரிகிறது. நேரம்? டைமர் ஸ்டாப்வாட்சை அமுக்கிவிட்டாரே, அது ஓடி முடிந்தும்விட்டதே?

டேபிள் அக்கா

இதற்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் தப்பு எங்கள் ஜாதிக்காரர்கள் செய்தது. ரொம்ப வருஷமாக டேபிளில் உட்காருகிறேன்.

கோர்ட்டுக்குள் இருக்கும் ஆட்டக்காரர் ஒருவர் மேல் பந்து பட்டால்தான் கேம் கிளாக் ஓட வேண்டும். எறிந்தவன் கையை விட்டுப் போன நிமிஷத்தில் இல்லை, தரையில் குத்தினால்கூட இல்லை. அந்த டைமர் பந்து கையை விட்டதும் அமுக்கியிருக்கிறார். மறுகோடிக்கு வீசின பந்து போய்ச் சேர்ந்து உருண்டு முடிவதற்குள் 3 நொடி போயே போச்சு. யாரும் தொடாத பந்துக்கு ஓடின நேரம் செல்லாது, ரெஃப்ரி முழுசாகத் திருப்பிக் கொடுத்தது ரூல்படி சரி.

டைமர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மேட்சுகளில் பெரும்பாலும் ரன்னிங் டைம், கடைசி 2 நிமிஷம் மட்டும் நிறுத்தி நிறுத்தி ஓட்டுவார்கள். அதுவரை சும்மா ஓடிக்கொண்டிருந்த வாட்சைத் திடீரென்று பிடித்து நிறுத்தி ஓட்டும்போது கட்டைவிரலுக்கு அந்தப் பழக்கம் இருப்பதில்லை. எதிரே மேற்கு வெயில் வேறு. டைமர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கெட்டுப்போகும், பார்க்க வேண்டியது ரெஃப்ரியின் கையை. த்ரோ-இன் கொடுக்கும்போது அவர் ஒரு கையை மேலே தூக்கி வைத்திருப்பார். உள்ளே யாராவது தொட்டதும் கையை வெட்டுகிற மாதிரி கீழே இறக்குவார். அந்தக் கை இறங்கும்போது கட்டைவிரல் அமுங்க வேண்டும். புதுசாக வரும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் பழக்குவது. ஸ்டாப்வாட்சை வலது கையில் பிடித்து, கண்ணை ரெஃப்ரியின் முழங்கையில் வைத்துக்கொண்டு, ஸ்கோரர் பக்கத்தில் என்ன கேட்டாலும் திரும்பாமல் இருக்க வேண்டும்.

ராணிப்பேட்டை ரீபவுண்ட்

அக்கா, உதைத்தால்? த்ரோ-இன் பந்தை டிஃபெண்டர் காலால் தடுத்தால் அதுவும் தொட்டதுதானே, கிளாக் ஓடுமா?

டேபிள் அக்கா

வேண்டுமென்று காலால் தடுத்தால் ஓடாது தம்பி. முறையாகத் தொட்டால்தான் கணக்கு. கேம் கிளாக், ஷாட் கிளாக் (ஒரு டீம் ஷூட் செய்யக் கொடுக்கும் நேரம்) இரண்டும் ஓடாது, பந்து திரும்ப அதே டீமுக்கு. ஆரோ முறையில் (பந்து யாருக்கு என்று சொல்ல முடியாதபோது இரண்டு டீமுக்கும் மாறி மாறிக் கொடுப்பது) கிடைத்த த்ரோ-இன்னாக இருந்தால் ஆரோவும் திரும்பாது. அதே ஆரோ த்ரோ-இன்னில் எறிகிறவனே வயலேஷன் செய்தால் ஆரோ எதிரணிப் பக்கம் போய்விடும். ஸ்கோர் ஷீட் எழுதுகிறவர்கள் கோட்டை விடுகிற இடம் இதுதான்.

விசில் சத்தம்

டைம் அவுட் கேள்வி விட்டுப்போச்சு. நாம் விளையாடுவது ஃபிபா (உலக பாஸ்கெட்பால் சம்மேளனம்) ரூல். ஃபிபாவில் ஆட்டக்காரர் டைம் அவுட் கேட்கவே முடியாது. கோச்சோ அசிஸ்டன்ட் கோச்சோ டேபிளுக்குப் போய்க் கேட்க வேண்டும். அதுவும் எறிகிறவன் கைக்குப் பந்து போவதற்கு முன்னால். கைக்குப் போய்விட்டால் வாய்ப்பு முடிந்தது. மூணாவது குவார்ட்டரில் அந்தப் பையன் இரண்டு கையாலும் டி போட்டுக் காட்டியது ராத்திரி செல்போனில் என்.பி.ஏ. பார்த்த பழக்கம். அங்கே செல்லும், சத்துவாச்சாரியில் செல்லாது. ரெஃப்ரி எண்ணிக்கொண்டே இருந்ததுதான் முறை.

ஆனால் கடைசி 3 நொடி விஷயத்தில் எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. காட்பாடி தம்பி, கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கும்?

காட்பாடி கார்டு

ஒன்றரை மீட்டர் இருந்தால் அதிகம் சார். சுவரை ஒட்டி ஒரு சாக்கடை மூடி வேறு. கேப்டன் முதுகு கிட்டத்தட்ட சுவரில் உரசியது. பின்னால் போக இடம் இல்லாமல்தான் பக்கவாட்டில் போனான்.

விசில் சத்தம்

நான் நினைத்தது சரிதான். இது எந்த டோர்னமென்டிலும் பேசப்படாத ரூல், ஆனால் நம் ஊர் கோர்ட்டுகளுக்காகவே எழுதிய மாதிரி இருக்கும். எல்லைக்கோட்டுக்கு வெளியே சுவர், வேலி, மரம், பெஞ்ச் என்று ஏதாவது இருந்து, காலி இடம் 2 மீட்டருக்குக் குறைவாக இருந்தால், டிஃபெண்டர் எறிகிறவனிடமிருந்து 1 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். இடம் தாராளமாக இருந்தால் கோடு வரை வந்து நிற்கலாம், கோட்டைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான்.

அதோடு நாலாவது குவார்ட்டரில் 2 நிமிஷமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், ரெஃப்ரி பந்தைக் கொடுப்பதற்கு முன்னால் கோட்டை ஒட்டிக் கையை வீசிக் காட்ட வேண்டும். டிஃபெண்டருக்கு அதுதான் எச்சரிக்கை. அதற்குப் பிறகும் அவன் கையோ காலோ கோட்டைத் தாண்டி த்ரோ-இன்னைத் தடுத்தால், அல்லது குறுகிய இடத்தில் 1 மீட்டருக்குள் வந்தால், நேராக டெக்னிக்கல் ஃபவுல். ஒரு ஃப்ரீ த்ரோ, அப்புறம் பந்தும் அதே டீமுக்கு. அதற்கு முந்தைய நேரமாக இருந்தால் முதல் தடவை டீமுக்கு எச்சரிக்கை, அடுத்த தடவை டெக்னிக்கல்.

எறிகிறவன் பந்தை நீட்டும்போது அவன் கை கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாலும்கூட, அந்தப் பந்தைத் தட்டாமல் இருப்பது டிஃபெண்டரின் பொறுப்பு. உள்ளே வந்தால் பிடுங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள்.

ஆகவே குடியாத்தம் பையன் மூஞ்சிக்கு நேராக நின்றது உண்மையென்றால், கேப்டன் நகர்வதற்கு முன்னாலேயே ஒரு குற்றம் நடந்துவிட்டது. ரெஃப்ரி கையை வீசிக் காட்டினாரா, அவனைத் தள்ளி நிறுத்தினாரா?

காட்பாடி கார்டு

கை வீசவில்லை. பந்தைக் கொடுத்துவிட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்.

குடியாத்தம் பாஸ்

காட்டவில்லை என்பது உண்மைதான், நானும் அந்தப் பக்கம்தான் நின்றேன். ஆனால் எங்கள் பையன் கோட்டுக்கு உள்ளேதான் நின்றான். சொல்லாத ரூலுக்குப் பையன் என்ன செய்வான்?

விசில் சத்தம்

பையனைக் குறை சொல்லவில்லை. அவனைத் தள்ளி நிறுத்தாமல் பந்தைக் கொடுத்தது ரெஃப்ரியின் கோளாறு. என் கணிப்பில் வயலேஷன் விசில் புத்தகப்படி சரி, ஆனால் அதற்கு முன்னால் ஊத வேண்டிய விசில் வரவில்லை. த்ரோ-இன்னில் நம் ரெஃப்ரிகள் எறிகிறவன் காலையே பார்க்கிறார்கள். டிஃபெண்டர் எங்கே நிற்கிறான் என்று பார்த்துவிட்டுப் பந்தைக் கொடுத்தால் பாதிச் சண்டை வராது.

ஆற்காடு பெரியவர்

இதையெல்லாம் படிக்கும்போது 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டம் ஞாபகம் வருகிறது. அங்கேயும் 3 நொடிதான், அங்கேயும் த்ரோ-இன்தான். டக் காலின்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோ போட்டு அமெரிக்கா 50-49 என்று முன்னால் வந்தது. சோவியத் பேஸ்லைனிலிருந்து எறிந்து ஆடத் தொடங்கியபின் 1 நொடி பாக்கியில் ஆட்டம் நின்றது, டைம் அவுட் கேட்டோம் கொடுக்கவில்லை என்று டேபிளில் தகராறு. அப்போது ஃபிபா செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் கேலரியிலிருந்து இறங்கிவந்து 3 நொடி திரும்ப வை என்றார். இரண்டாவது தடவை கிளாக்கைச் சரிசெய்து முடிப்பதற்கு முன்னாலேயே பந்தைக் கொடுத்துவிட்டார்கள், ஹார்ன் அடித்தது, அமெரிக்கர்கள் கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்கள். அப்போது ஃபிபா செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் கேலரியிலிருந்து இறங்கிவந்து 3 நொடி திரும்ப வை என்றார். மூன்றாவது தடவை இவான் எடெஷ்கோ மறுகோடிக்கு வீசினார், அலெக்சாண்டர் பெலோவ் பிடித்துப் போட்டார், 51-50. அமெரிக்கர்கள் வெள்ளிப் பதக்கத்தை இன்றுவரை வாங்கவில்லை.

விசில் சார் சொன்ன டிஃபெண்டர் விஷயமும் அதில் உண்டு. எடெஷ்கோ முன்னால் உயரமான டாம் மெக்மில்லன் கையைத் தூக்கி மறைத்துக்கொண்டு நின்றார். மூன்றாவது தடவை ரெஃப்ரி சைகை காட்டியதும் அவர் பின்னால் நகர்ந்துவிட்டார். எடெஷ்கோவுக்கு வீச வழி கிடைத்தது அதனால்தான்.

நான் ஆடின காலத்தில் அரக்கோணம் முதல் திருப்பத்தூர் வரை எல்லாம் ஒரே வடஆற்காடு மாவட்டம், செலக்‌ஷன் ஒரே இடத்தில் நடக்கும். அன்றைக்கு 30 நொடிக்குள் ஷூட் செய்ய வேண்டும், 10 நொடிக்குள் பந்தோடு பாதிக் கோர்ட்டைத் தாண்ட வேண்டும் என்று ரூல். 2000-இல் அதை 24, 8 என்று மாற்றினார்கள். எனக்கு இன்னும் வாயில் 10 நொடிதான் வருகிறது.

ராணிப்பேட்டை ரீபவுண்ட்

பெரியவர் சொன்னதும் 0.3 நொடி ரூல் ஞாபகம் வந்தது. நம் மேட்சில் 3 நொடி, அதனால் பிரச்சினை இல்லை. 0.2 இருந்திருந்தால்?

விசில் சத்தம்

0.3 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் த்ரோ-இன் பந்தைப் பிடித்து ஷூட் செய்ய முடியும். 0.2, 0.1 என்றால் தட்டிவிடுவதோ காற்றிலேயே கூடைக்குள் திணித்து டங்க் செய்வதோதான் செல்லும். இந்த ரூல் என்.பி.ஏ.வில் வந்ததற்குக் காரணம் 1990 ஜனவரியில் நடந்த ஒரு மேட்ச். நியூயார்க்கின் டிரென்ட் டக்கர் 0.1 நொடியில் பந்தைப் பிடித்து, திரும்பி, மூணு பாயிண்ட் போட்டார், சிகாகோ தோற்றது. 0.1 நொடியில் மனுஷன் அதைச் செய்ய முடியாது, டைமர் லேட்டாக அமுக்கியிருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

நம் மேட்சில் இதைப் பேசிப் பயனில்லை. பத்தில் ஒரு பங்கு காட்டும் கிளாக் கோர்ட்டில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருந்தால்தான் இந்த ரூலுக்கு உயிர். டேபிளில் ஒருத்தர் உள்ளங்கையில் இருக்கிற ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு 0.2-ஆ 0.3-ஆ என்று தீர்ப்பு சொன்னால் மைதானத்தை விட்டு வெளியே வர முடியாது.

குடியாத்தம் பாஸ்

ஒன்று கேட்கிறேன் சார். அந்த நேரத்தில் எங்கள் கோச் என்ன செய்திருக்கலாம்? ஒரு பாயிண்ட் லீட், 3 நொடி, பந்து எங்களிடம்.

விசில் சத்தம்

டைம் அவுட் இருந்ததா?

குடியாத்தம் பாஸ்

ஒன்று பாக்கி இருந்தது.

விசில் சத்தம்

அப்படியானால் அதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறீர்கள். வயலேஷன் விசில் அடித்து கிளாக் நின்றதும் கேட்டிருக்க வேண்டும். நாலாவது குவார்ட்டர் கடைசி 2 நிமிஷத்தில், தன் பேக்கோர்ட்டில் (தான் காக்கும் கூடை இருக்கும் பாதியில்) பந்து கிடைத்த டீம் டைம் அவுட் எடுத்தால், த்ரோ-இன்னை அங்கேயே கொடுப்பதா ஃப்ரண்ட் கோர்ட்டில் கொடுப்பதா என்று அந்த கோச்தான் சொல்வார். ஃப்ரண்ட் கோர்ட் என்றால் டேபிளுக்கு எதிர்ப்பக்க சைடுலைனில், பேஸ்லைனிலிருந்து 8.325 மீட்டர் தள்ளி ஒரு சின்னக் கோடு இருக்கும், அங்கேயிருந்து. அதன்பின் எறிந்தது சொதப்பினாலும் காட்பாடி டீமுக்கு அந்தக் கோட்டில்தான் பந்து கிடைத்திருக்கும், உங்கள் கூடை வரை கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு கோர்ட் வர வேண்டும். ஒன்றே ஒன்று, ஃப்ரண்ட் கோர்ட் த்ரோ-இன்னிலிருந்து பேக்கோர்ட்டில் நிற்கும் ஆளுக்கு எறியக்கூடாது.

டேபிள் அக்கா

அந்த 8.325 கோடு நம் பக்கம் எத்தனை கோர்ட்டில் பெயிண்ட் அடித்திருக்கிறது என்று கேளுங்கள்! நான் டேப் வைத்து அளந்து சாக்பீஸில் போட்டுவைப்பேன், இரண்டாவது மேட்சுக்குள் ஷூ தேய்த்து அழிந்துவிடும்.

குடியாத்தம் தம்பிக்கு இன்னொன்று. கடைசி த்ரோ-இன்னில் பந்து இன்னும் கேப்டன் கையில் இருக்கும்போதே உங்கள் பையன் சென்டரின் ஜெர்சியைப் பிடித்து இழுத்தான் என்று வீடியோவில் பார்த்தேன். அதை ஊதியிருந்தால் 2022 அக்டோபரில் வந்த த்ரோ-இன் ஃபவுல் கணக்கில் போயிருக்கும். கடைசி 2 நிமிஷத்தில் எறிகிறவன் கையில் பந்து இருக்கும்போது டிஃபென்ஸ் உள்ளே ஃபவுல் செய்தால் ஒரு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களுக்கே. உங்களுக்கு இன்னும் மோசமாகத்தான் முடிந்திருக்கும்.

குடியாத்தம் பாஸ்

இழுத்தது தெரியும் அக்கா, நீங்கள் ஏன் அதையெல்லாம் பார்த்தீர்கள்.

ராணிப்பேட்டை ரீபவுண்ட்

நானும் ஒரு தந்திரம் கேட்டுவிடுகிறேன். எறிகிறவன் முன்னால் டிஃபெண்டர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் முதுகில் மெதுவாகப் பந்தை அடித்து, உள்ளே குதித்து, தானே எடுத்து லே-அப் போடலாமா? எங்கள் ஜூனியர் செய்தபோது வயலேஷன் என்றார்கள்.

விசில் சத்தம்

செல்லும். எறிந்தவன் அடுத்து உள்ளே பந்தைத் தொடுவதற்கு முன்னால் வேறு ஆட்டக்காரர் மேல் பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். முதுகும் ஆள்தான். முதுகில் பட்டதும் கிளாக் ஓடும். பந்தை எடுக்கும்போது அவன் கால் கோர்ட்டுக்குள் இருக்க வேண்டும், ஒரு கால் கோட்டில் இருந்தாலும் பந்து அவுட். மெதுவாக என்று நீங்கள் சொன்னதைக் கவனித்தேன். ஓங்கி அடித்தால் டெக்னிக்கல் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

காட்பாடி கார்டு

சார், நேற்று பிராக்டீஸில் கோர்ட்டுக்குள் நின்ற எங்கள் ரெஃப்ரி மேலேயே த்ரோ-இன் பந்து பட்டது. கிளாக் ஓடுமா என்று அரை மணி நேரம் சண்டை.

டேபிள் அக்கா

ஓடாது. ரெஃப்ரி மேல் பட்டால் அவர் நிற்கிற தரையில் பட்ட மாதிரி. யாராவது ஆட்டக்காரர் எடுக்கும்வரை நான் அமுக்கமாட்டேன். ஃபைனல் எத்தனை மணிக்கு என்று யாராவது சொல்லுங்கள், டைமர் வரவில்லை என்று எனக்கு போன் வந்திருக்கிறது.